வேகத்தின் தமிழ்த் தடம் – 17: சுங்கத்தில் சிக்கிய ஷாக் அப்சார்பர்

நரேன் கார்த்திகேயனின் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்களைச் சென்ற இதழில் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு ஜீயபுரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். இன்லண்டு லெட்டரில், மடிப்பு ஓரம்வரை நெருக்கி எழுதிய கடிதம். “நம்ம பையன் உலகப் பந்தயத்துக்குப் போனார் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் 2011லும் 2012லும் டிவியில் பார்த்தபோதெல்லாம் அவர் கடைசி வரிசையில்தானே நின்றார்? கருண் சந்தோக்கும் அப்படித்தானே? திறமை இருந்திருந்தால் ஒரு தடவையாவது நடு வரிசைக்கு வந்திருக்க மாட்டாரா?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. முடிவுப் பட்டியலை மட்டும் பார்க்கிற எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். இந்த அத்தியாயத்தில் வேறு விஷயம் எழுத நினைத்திருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கடிதத்துக்கே பதில் எழுதுகிறேன். அந்த ஆண்டுகளின் கதை பந்தய நாளில் தொடங்கவில்லை. பந்தயத்துக்கு முந்தைய டெஸ்டிங் நாட்களிலேயே அது முடிந்துவிட்டது.

2011 மார்ச் இரண்டாவது வாரம், ஸ்பெயினின் பார்சலோனா. அந்த ஆண்டின் கடைசி டெஸ்டிங் அங்கே நடந்துகொண்டிருந்தது. மற்ற அணிகளெல்லாம் புதிய காரில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி முடித்திருந்தன. நரேன் சேர்ந்திருந்த ஸ்பானிய அணியான ஹெச்ஆர்டி மட்டும் தன் புதிய காரை, எஃப்111ஐ, அப்போதுதான் கொட்டகையில் நிறுத்தி உலகத்துக்குக் காட்டியது. வண்ணம் அடித்து, விளம்பரமெல்லாம் ஒட்டி, பார்க்கக் கார் அழகாகவே இருந்தது. தடத்தில் இறங்க மட்டும் முடியவில்லை. அதற்கு வேண்டிய ஷாக் அப்சார்பர்கள் ஸ்பெயின் சுங்கத் துறையில் மாட்டிக்கொண்டிருந்தன. டெஸ்டிங் முடிந்தது. ஒரு சுற்றுகூட ஓடாத காரைப் பெட்டியில் அடைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்.

ஷாக் அப்சார்பர் வராததால் ஒரு பருவமே கெட்டுப்போகுமா? ஃபார்முலா ஒன்னில் கெட்டுப்போகும். ஏன் என்று கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் காரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருப்பது உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்காக. கரூர் சாலையில் வேகத்தடை ஏறி இறங்கும்போது தூக்கிப் போடாமல் இருந்தால் போதும், “சஸ்பென்ஷன் நல்லா இருக்கு” என்று சொல்லிவிடுவோம். பந்தயக் காரில் ஓட்டுநரின் இடுப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அங்கே சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலை. நான்கு டயரும் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. காரின் அடிப்பலகை தரையிலிருந்து குறித்த உயரத்தில், குறித்த சாய்வில் நிற்கும்படி பிடித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினம்.

ஜீயபுரத்துக்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. பங்குனித் திருநாளின் மூன்றாம் நாள் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டுக் காவிரியைக் கடந்து அவர் ஊர் ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுவார். ஆற்று மணலில் கால் புதையும், கரையில் மேடு பள்ளம் வரும். ஆனால் பல்லக்கு மட்டும் ஒரே மட்டத்தில் மிதந்து வரும். பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் முழங்காலும் தோளும் ஒவ்வொரு அடியிலும் மடங்கி நிமிர்ந்து, தரையின் குலுக்கல் மேலே ஏறாமல் வாங்கிக்கொள்கின்றன. பந்தயக் காரின் சஸ்பென்ஷன் செய்ய வேண்டியதும் அதுவே. ஆனால் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செய்ய வேண்டும். மேலேயிருந்து காரின் எடைக்கும் மேலாகக் காற்று அழுத்திக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும்.

அந்த அழுத்தத்துக்குப் பெயர் டவுன்ஃபோர்ஸ். முன்னும் பின்னும் உள்ள இறக்கைகள் விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. காரைத் தூக்காமல் கீழே அமுக்கும். அடிப்பலகைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. காருக்கும் தரைக்கும் இடையிலுள்ள சில சென்டிமீட்டர் இடுக்கில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். கார் தரையை நோக்கி உறிஞ்சப்படும். வேகம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும், மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. 2011ஆம் ஆண்டு விதிப்படி ஓட்டுநரையும் சேர்த்துக் காரின் குறைந்தபட்ச எடை 640 கிலோ. முழு வேகத்தில் காற்று தரும் அழுத்தம் அந்த எடையையும் தாண்டிவிடும்.

இங்கேதான் சிக்கல். இடுக்கு சில மில்லிமீட்டர் கூடினால் உறிஞ்சல் குறையும். கொஞ்சம் குறைந்தாலோ உறிஞ்சல் ஏறும், ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் காற்றோட்டம் அடைபட்டுச் சட்டென்று அறுந்துபோகும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழ்கிறது. ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பின்புறம் அமுங்குகிறது. வளைவில் ஒருபக்கம் சாய்கிறது. ஒவ்வொரு அசைவிலும் இடுக்கு மாறுகிறது. இடுக்கு மாறினால் காற்றின் அழுத்தம் மாறுகிறது. அழுத்தம் மாறினால் மறுபடி அசைவு. சஸ்பென்ஷனையும் காற்றியக்கத்தையும் தனித்தனி இலாகாவாகப் பார்க்க முடியாமல் போவது இதனால்தான். ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டால் உயரம் மாறாதே என்று தோன்றும். இறுக்கினால் டயர் மேட்டில் குதிக்கும், பிடிமானம் போகும். எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு விடுவது என்பதைத்தான் டெஸ்டிங்கில் தேடுகிறார்கள்.

பிப்ரவரியில் தடத்துக்கு வரும் காரைப் பார்த்தால் பந்தயக் காராகவே தெரியாது. முன் சக்கரத்துக்குப் பின்னால் கட்டில் சட்டம் அளவுக்கு ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டியிருப்பார்கள். அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் அந்த இடத்தில் காற்றின் அழுத்தத்தை அளந்து சொல்லும். இறக்கையிலும் பக்கப் பகுதியிலும் பச்சை நிற எண்ணெய்ச் சாயத்தைப் பூசி ஒரு சுற்று ஓட்டுவார்கள். கார் திரும்பி வரும்போது காற்று போன வழியெல்லாம் சாயம் கோடு கோடாக இழுத்து உலர்ந்திருக்கும். எங்கே கோடு நேராகப் போகிறது, எங்கே சுழித்துத் தேங்குகிறது என்று பொறியாளர்கள் குனிந்து குனிந்து படம் எடுப்பார்கள். அடியில் லேசர் கருவி தரைக்கும் காருக்குமான இடைவெளியை நொடிக்குப் பல நூறு தடவை அளந்து பதிவு செய்யும். நேர்த்தடத்தில் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராக ஓட்டச் சொல்வார்கள். ஓட்டுகிறவருக்குச் சலிப்பு தட்டும் வேலை. இந்த எண்கள் கையில் இருந்தால்தான் காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு நிஜக் காருக்குப் பொருந்துகிறதா என்று தெரியும்.

2009 முதல் பருவத்தின் நடுவே டெஸ்டிங் செய்ய ஏறக்குறைய முழுத் தடை. 2011ல் பருவத்துக்கு முன் நான்கு கட்டமாக 15 நாள் கொடுத்தார்கள். அணிக்கு ஒரு சமயத்தில் ஒரு கார்தான். இரண்டு ஓட்டுநர்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நாட்களைத் தவறவிட்டவர்கள் பந்தயத்துக்கு வந்துதான் தங்கள் காரையே தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி கருண் சந்தோக்கின் கதைக்கு வருவோம். சென்னைப் பையன். தாத்தா இந்து சந்தோக் இந்திய மோட்டார் பந்தயத்தின் முன்னோடிகளில் ஒருவர், அப்பா விக்கி சந்தோக் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கப்பட்டது. உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடக்க, அதையே பந்தயத் தடமாக்கி ஆண்டுக்கணக்கில் ஓட்டிய தலைமுறையின் வழிவந்தவர் கருண். 2010 மார்ச் 4ஆம் தேதி அவரைத் தன் ஓட்டுநராக ஹெச்ஆர்டி அறிவித்தது. முதல் பந்தயம் மார்ச் 14ல், பஹ்ரைனில். அந்த ஆண்டுக் காரான எஃப்110ஐ இத்தாலியின் டல்லாரா நிறுவனம் கட்டிக்கொடுத்திருந்தது. அணியில் பணமில்லை, பிப்ரவரியில்தான் உரிமையாளர் மாறியிருந்தார். டெஸ்டிங்குக்குக் கார் வரவே இல்லை.

பஹ்ரைனில் வெள்ளிக்கிழமைப் பயிற்சி நேரம் வந்தது, கருணின் கார் தயாராகவில்லை. சனிக்கிழமைக் காலைப் பயிற்சியும் போயிற்று. அன்று பிற்பகல் தகுதிச் சுற்று. அந்தக் காரில் கருண் சந்தோக் ஓட்டிய முதல் சுற்றுகள் ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றில் ஓட்டியவை. கியர் எந்த வேகத்தில் விழுகிறது, பிரேக் எங்கே கடிக்கிறது, ஸ்டியரிங் எவ்வளவு கனம் என்பதையெல்லாம் உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். அப்படியும் ஓரளவு ஓட்டிப் பழகியிருந்த சக வீரர் புரூனோ சென்னாவைவிட இரண்டு விநாடிக்கும் குறைவாகவே பின்தங்கினார். இந்த ஒரு தகவலை வைத்தே அவர் திறமையை எடைபோடுவேன் நான்.

மறுநாள் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே கார் ஒரு மேட்டில் மோதிக் கட்டுப்பாட்டை இழந்து சுவரில் முட்டியது. அந்த ஆண்டு பஹ்ரைன் தடத்தில் புதிதாகச் சேர்த்திருந்த பகுதி கரடுமுரடானது. மற்றவர்கள் அந்த மேட்டை வெள்ளிக்கிழமையே கண்டு, ஓரிரு மில்லிமீட்டர் காரை உயர்த்தி, ஷாக் அப்சார்பரைத் தளர்த்திச் சரிசெய்துகொண்டார்கள். கருணுக்கு அந்த வாய்ப்பு யாரும் தரவில்லை. கார் அடி தட்டியது, உறிஞ்சல் அறுந்தது, அவ்வளவுதான். அடுத்து மெல்பர்னில் அதே காரைக் கடைசிவரை கொண்டுவந்து 14ஆவது இடம் பிடித்தார். ஜூலையில் பிரிட்டன் பந்தயத்தோடு அவரை இறக்கிவிட்டார்கள்.

2010ல் இருந்திராத ஒரு விதி 2011ல் திரும்ப வந்தது. தகுதிச் சுற்றின் முதல் கட்டத்தில் யார் மிக வேகமோ, அவர் நேரத்தின் 107 சதவீதத்துக்குள் ஓட்டாதவர் பந்தயத்தில் கலந்துகொள்ள முடியாது. ஷாக் அப்சார்பர் வராத எஃப்111 மெல்பர்னுக்குப் போன ஆண்டு அது. சுங்கத்துக் கதை போதாதென்று, புதிய முன் இறக்கை மோதல் சோதனையில் தேறவில்லை. அதனால் பழைய எஃப்110இன் முன் இறக்கையைப் புதிய காரில் மாட்டினார்கள். காரின் மேல் பாயும் காற்றை முதலில் தொடுவது முன் இறக்கை. அது பிரித்து அனுப்புகிற காற்றை நம்பித்தான் அடிப்பலகையும் பக்கவாட்டும் பின் இறக்கையும் வடிவமைக்கப்படுகின்றன. முதல் கண்ணியே வேறு காருடையது என்றால் மற்றதெல்லாம் கணக்குத் தப்பும்.

வெள்ளிக்கிழமை முழுக்க மெக்கானிக்குகள் கொட்டகையிலேயே காரைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நரேனின் கார் வெளியே வரவே இல்லை. சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் அவர் வரம்புக்கு ஏறக்குறைய மூன்று விநாடி வெளியே நின்றார். சக வீரர் லியுட்ஸியும் தேறவில்லை. பருவத்துக்கு முன் வாலென்சியாவில் நரேனுக்குக் கிடைத்ததெல்லாம் பழைய எஃப்110இல் ஓட்டும் வாய்ப்பு. அந்த அனுபவம் புதிய காருக்கு அதிகம் உதவாது. இரண்டு வாரம் கழித்து மலேசியாவில் அதே அணி, அதே ஓட்டுநர்கள். புதிய முன் இறக்கை வந்துவிட்டது, மெல்பர்னில் ஓட்டிய சில சுற்றுகளின் எண்களும் கையில் இருந்தன. இருவரும் வரம்புக்குள் வந்துவிட்டார்கள். ஓட்டுநர் மாறவில்லை என்பதை ஜீயபுரத்து வாசகர் கவனிக்க வேண்டும்.

2012ல் மறுபடியும் அதே சோகம். எஃப்112 மோதல் சோதனைகளில் தாமதப்பட்டு டெஸ்டிங் நாட்களை முழுவதுமாகத் தவறவிட்டது. மெல்பர்னில் நரேனும் பெட்ரோ டி லா ரோசாவும் தகுதி பெறவில்லை. டி லா ரோசா மெக்லாரனில் ஆண்டுக்கணக்கில் டெஸ்ட் ஓட்டுநராக இருந்தவர். ஒரு காரின் குறையைக் கண்டுபிடிப்பதில் அவரைவிட அனுபவம் மிக்கவர்கள் மிகச் சிலரே. நரேனும் 2006, 2007ல் வில்லியம்ஸில் டெஸ்ட் ஓட்டுநர். டெஸ்டிங் தெரிந்த இருவரை வைத்துக்கொண்டு டெஸ்டிங்கே செய்யாமல் அந்த அணி பந்தயத்துக்குப் போனது. மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். அந்த ஆண்டு முடிவில் அணியே மூடப்பட்டது.

பணமில்லாத அணி, அதனால்தான் இப்படி என்று சொல்லலாம். பணம் இருந்தாலும் தடத்தில் ஓட்டாமல் தெரியாது என்பதற்கு 2022 சாட்சி. அந்த ஆண்டு விதிகள் தலைகீழாக மாறின. அடிப்பலகையில் சுரங்கம் போன்ற வளைவுகளை மறுபடி அனுமதித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் லோட்டஸ் அணியின் காலின் சாப்மன் கையாண்ட உத்தி அது. சக்கர அளவும் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. பழைய டயரின் உயரமான பக்கச் சுவரே பாதி ஸ்பிரிங் வேலையைப் பார்த்துவந்தது. புதிய டயரில் அது குறைந்து, சுமை சஸ்பென்ஷன் மேல் விழுந்தது.

பிப்ரவரி இறுதியில் பார்சலோனாவில் கார்கள் இறங்கின. நேர்த்தடத்தில் வேகம் பிடித்ததும் கார்கள் குதிரை மாதிரித் தாவத் தொடங்கின. உறிஞ்சல் காரைக் கீழே இழுத்தது. இடுக்கு அடைபட்டு உறிஞ்சல் அறுந்தது. அமுங்கியிருந்த ஸ்பிரிங் காரை மேலே தூக்கியது. காற்று மறுபடி பாய்ந்து மறுபடி இழுத்தது. நொடிக்குப் பல தடவை இப்படி நடந்தது. 1979ல் லோட்டஸ் 80 இதே நோயால்தான் கைவிடப்பட்டது. ஆனாலும் பெரும்பாலோர் இதை முன்கூட்டிக் காணவில்லை. விதிப்படி காற்றுச் சுரங்கத்தில் 60 சதவீத அளவு மாதிரியை, மணிக்கு 180 கிலோமீட்டர் காற்றில்தான் சோதிக்க முடியும். தாவல் வந்ததோ அதற்கும் மேலான வேகத்தில். தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அணிப் பட்டம் வென்றிருந்த மெர்சிடிஸ் பாதிப் பருவம் இந்தத் தாவலோடு மல்லுக்கட்டியது. பாகு பந்தயம் முடிந்தபோது அந்த அணியின் லூயிஸ் ஹாமில்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து மெதுவாக இறங்கியதை உலகம் பார்த்தது. ஏழு முறை உலக சாம்பியன் அவர். காரின் அடியில் காற்று சண்டை போட்டால் அவருக்கும் அதே கதிதான்.

2023 அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1994 முதல் காரின் அடியில் 10 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு பலகை இருக்கும். அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேயக்கூடாது. ஆஸ்டின் மேடு பள்ளம் நிறைந்த தடம். அந்த வாரம் பயிற்சிக்கு ஒரே ஒரு மணி நேரம்தான். உயரத்தைச் சரியாக வைக்க அவகாசம் போதவில்லை. இரண்டாவதாக வந்த மெர்சிடிஸின் ஹாமில்டனும் ஆறாவதாக வந்த ஃபெராரியின் லெக்லேரும் பலகை தேய்ந்ததற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு மணி நேரம் போதாமல் மெர்சிடிஸும் ஃபெராரியும் தவறின. கருணுக்குப் பஹ்ரைனில் கிடைத்தது ஒரு நிமிடம்கூட இல்லை.

நம் மண்ணில் இந்த அறிவு இல்லாமலும் இல்லை. கோவையில் எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்தக் காரில்தான் நரேன் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் முதல் பந்தயம் ஓட்டினார். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், யார் காரின் சஸ்பென்ஷன் தடத்துக்கு ஏற்ப அமைந்திருக்கிறதோ அவருக்கே லாபம். எந்த வளைவில் முன்புறம் வழுக்கியது, எந்த மேட்டில் பின்புறம் குதித்தது என்பதை ஓட்டிவிட்டு வந்து மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்தான் அடுத்த சுற்றில் முன்னேறுவார். நரேன் அந்தப் பள்ளியில் படித்தவர். 2001ல் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணி அவரை டெஸ்டிங்குக்கு அழைத்தபோது ஃபார்முலா ஒன் கார் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் கார்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பதை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.

கடிதம் எழுதிய ஐயாவுக்கு என் பதில் இதுதான்: நீங்கள் டிவியில் கடைசி வரிசையில் பார்த்தது நரேனின் திறமையை அல்ல, சோதிக்கப்படாத ஒரு காரை. அவர் பெயர் ஃபார்முலா ஒன்னில் 48 பந்தயங்களுக்குப் பதிவானது. 46 பந்தயங்களில் ஓட்டினார். விடுபட்ட இரண்டும் 2011, 2012 மெல்பர்ன் பந்தயங்கள். இரண்டு முறையும் கார் ஒரு நாள்கூட டெஸ்டிங் பார்த்ததில்லை.

(தொடரும்)